மறு: மிதக்கும் போர் உரை – வேறு சொல் வேண்டும்

வணக்கம்.

வயலில் நடவு. அதனால் இரண்டு நாளாக, ஆட்டத் தமிழாக்கத்தில் "floating combat text"-க்குச் சொல் தேடும் இந்த இழையைப் படிக்க மட்டும்தான் முடிந்தது. இன்று மழை தூறுவதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

> "மிதக்கும் போர் உரை" சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே இருக்கிறது? ஏற்றிவிடலாமா?

ஏற்றிவிடாதே தம்பி. மன்னார்குடி பக்கம் வந்து "மிதக்கும் போர்" என்று சொல்லிப் பார். ஐப்பசி மழையில் மிதந்து போன வைக்கோல்போரைத்தான் நினைப்பார்கள். "உரை" அதற்கு மேல். போர் உரை என்றால் படைத்தலைவன் பேசுவது. ஆட்டத்தில் யாரும் பேசவில்லை; பூதத்தை ஒரு வெட்டு வெட்டினால் அதன் தலைக்கு மேல் 347 என்று ஓர் எண் குதித்து மறைகிறது. அவ்வளவுதான். அதற்குப் பெயர் வைக்கத்தான் இத்தனை மடல்.

> damage = சேதம். அகராதியிலேயே இருக்கிறது.

இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் சேதம் என்றால் பயிர்ச்சேதம். 33 சதவீதமோ அதற்கு மேலோ போயிருந்தால்தான் நிவாரணம், கணக்கெடுக்க வருவார்களா மாட்டார்களா என்ற கவலை, வரப்பில் நின்று எடுத்த போட்டோ. அது போகட்டும், என் மறுப்பு வேறு. சேதம் என்பது இழந்தவன் கணக்கு. சண்டை போடுகிறவன் வாயில் வருவது "அடி". செம அடி, ஒரே அடி, நல்லா வாங்கினான். நாம் கொடுப்பது, நமக்கு விழுவது என்று அமைப்புப் பக்கத்தில் இரண்டு வரி இருக்கிறதே, அதற்கும் நாம் யோசிக்கவே வேண்டாம்: "கொடுத்த அடி", "வாங்கிய அடி". தமிழ் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

தனியாக "அடி" என்று மட்டும் போட்டால் ஒரு சிக்கல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஜூன் மாதம் டெல்டாவில் "எத்தனை அடி?" என்று கேட்டால் மேட்டூரைத்தான் கேட்கிறார்கள். திரையில் "அடி: 118" என்று பார்த்தால் என் சித்தப்பா அணை நிரம்ப இன்னும் இரண்டு அடிதான் பாக்கி என்று நாற்றங்காலுக்குக் கிளம்பிவிடுவார். "அடியெண்" என்று ஒட்டினாலும் கணக்குப் புத்தகத்து அடிமானம் குறுக்கே வருகிறது. ஆக, அடி என்பது விழுந்த அடிக்கு இருக்கட்டும். அதைக் காட்டும் அந்தக் குதிக்கும் எண்ணுக்கு வேறு சொல் வேண்டும்.

என் பரிந்துரை: தெறியெண்.

சின்ன வயதில் நீடாமங்கலம் பக்கம் தாத்தா களத்தில் பார்த்தது. வைக்கோல் பிரியில் கதிரைச் சுற்றிப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அறைவார்கள். அறைந்த இடத்திலிருந்து நெல்மணி மேலே கிளம்பும், ஒரு வளைவு வளையும், விழுந்து காணாமல் போகும். பக்கத்தில் நின்றால் முகத்தில் சுள்ளென்று படும். இப்போது எல்லாம் அறுவடை எந்திரம்தான். ஆனால் 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை முதன்முதலில் ஆடியபோது எனக்கு அந்தக் களம்தான் நினைவுக்கு வந்தது. சும்மா வீசும் வாளுக்கு வெள்ளை எண், மந்திரத்துக்கு மஞ்சள் எண், பலமாக விழுந்தால் பெரிய எண். மிதப்பது எதுவுமில்லை, எல்லாம் தெறிப்புத்தான்.

இலக்கணமும் இடிக்கவில்லை. ஊறுகாய் போல வினைத்தொகை: தெறித்த எண், தெறிக்கின்ற எண், தெறிக்கும் எண். முதலில் "தெறிப்பெண்" என்றுதான் எழுதினேன். வீட்டில் படித்துவிட்டு "யார் அந்தப் பெண்?" என்று கேட்டார்கள். அதோடு விட்டேன்.

> எண் மட்டுமா வருகிறது? தவறியது, விலகினான், தடுத்தான் என்று சொல்லும் வருகிறதே?

நியாயம். அவை "தெறிசொல்" (தொல்காப்பியத்துத் திரிசொல் அல்ல, ஐயா கோபிக்க வேண்டாம்). எல்லாவற்றுக்கும் பொதுவாக "தெறிப்பு". அமைப்புப் பக்கத் தலைப்பு "தெறிப்பு அமைப்புகள்". கீழே அளவு, நிறம், எழுத்துரு. வெலோரன் என்ற ஆட்டத்தில் அடிகளைத் தனித்தனியாகக் காட்டவா, கூட்டிக் காட்டவா என்று கேட்கும் இடத்தில் "தனித்தனி", "கூட்டி". கிரிட்டுக்கு (critical hit, பலமாக விழும் அடி) "வர்ம அடி". அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

எண் சுருக்கம்தான் உண்மையான தலைவலி. எண்கள் ஊதிப்போய் வார்கிராஃப்ட்காரர்களே 2014, 2018, 2020 என்று மூன்று முறை எல்லாவற்றையும் சுருக்க வேண்டியிருந்தது. 1,234,567 என்று தெறிப்பதைப் படிப்பதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். நமக்கு 12,34,567 வேண்டும், சுருக்கினால் 12.3ல. லட்சத்துக்கு "ல" சரி. ஆயிரத்துக்கு "ஆ" போட்டுப் பார்த்தேன்: "45ஆ". பூதம் அலறுவது போல இருக்கிறது. பிடித்துத்தான் இருந்தது, ஆனாலும் ௲ என்ற பழைய ஆயிரக் குறியே நல்லது. கோடிக்கு "கோ" போட்டால், எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாத ஆட்ட இயந்திரங்களில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதையும். ௲-க்கும் "ல"-வுக்கும் அந்தத் தொல்லை இல்லை. கோடிக்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.

– மன்னார்குடியிலிருந்து

---

தம்பிக்கு,

தெறியெண் எனக்கு உடன்பாடு. களத்தை மட்டும் சொன்னீர்கள். வில்லின் நாணைச் சுண்டுவதற்கும் தெறித்தல் என்றே பெயர். போருக்கும் பழைய சொல்தான். எனக்கு ஒரே ஐயம், பச்சை நிறத்தில் வருகிறதே, மருத்துவர் உயிரூட்டும்போது? அது தெறிப்பதாகச் சொல்ல மனம் வரவில்லை. உயிர் ஊறுகிறது என்று "ஊறெண்" எனலாமா என்று பார்த்தேன். ஊறு என்றால் காயமும் ஆயிற்றே, தலைகீழாகிவிடும்.

– திருவையாற்றிலிருந்து

---

ஐயா,

காய்ச்சல் விட்டால் "உடம்பு தேறிடுச்சு" என்கிறோம். தேறு + எண், "தேறெண்". அடித்தால் தெறியெண், ஆற்றினால் தேறெண். சின்ன எழுத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியுமோ என்ற பயம் இருக்கிறது. ஆனால் ஒன்று வெள்ளை, மற்றது பச்சை. இன்றிரவு கரண்ட் இருந்தால் இரண்டையும் மொழிபெயர்ப்பு இருக்கும் ஃப்ளூயன்ட் கோப்பில் போட்டு, எழுத்தைச் சிறிதாக்கி ஒரு சண்டை ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.