லண்டன்ல கடை போர்டு வைக்க அனுமதி: சேலத்துலயே அடிச்சு அனுப்பலாமா?

அம்மாபேட்டை மச்சான்

வணக்கமுங்க. என் மச்சான் லண்டன்ல வெம்ப்ளி பக்கம் கடை பிடிச்சிருக்காப்ல. தட்டுவடை செட், ஏற்காடு காபித்தூள், மிளகு வியாபாரம். முகப்பு அஞ்சரை மீட்டர் அகலம், மேல ரெண்டு மாடி வீடு. நாலு ரோடு பக்கம் உள்ளே லைட் வச்ச அக்ரிலிக் பெட்டி போர்டுக்கு விலை கேட்டு வச்சிருக்கேன். இங்கயே செஞ்சு கார்கோல போட்டுடலாமா? கவுன்சில்ல (அங்கத்த உள்ளாட்சி) தனியா அனுமதி வாங்கணுமா? தமிழ் எழுத்து பெருசா தெரியணும்னு மாமாவுக்கு ஆசை.

செவ்வாய்ப்பேட்டை டு ஹாரோ

அட்வான்ஸ் குடுத்துடாதீங்க தம்பி. முதல்ல அளவு, அப்புறம் லைட், கடைசியாத்தான் போர்டு.

இங்கிலாந்துக்கு 2007-ல வந்த விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகள்தான் கணக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல விதி வேற, அங்க கடை போடறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க. சில வகை போர்டு விதிக்குள்ள அடங்கினா விண்ணப்பமே வேண்டாம், அனுமதி இருக்கறதாவே அர்த்தம். லைட் இல்லாத கடை போர்டு அந்த வகை. எழுத்தோ சின்னமோ 0.75 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது, அதாவது ரெண்டரை அடிக்குக் கொஞ்சம் கம்மி. போர்டோட மேல் விளிம்பு தரையிலிருந்து 4.6 மீட்டருக்குள்ள, அதோட முதல் மாடி ஜன்னலோட அடிமட்டத்துக்கும் கீழ இருக்கணும். இந்த ரெண்டுல எது தாழ்வோ அதுதான் உங்க வரம்பு. மேல வீடு இருக்கற கடையில 4.6 பெரும்பாலும் பேச்சுக்குத்தான், ஜன்னல் முதல்ல வந்து மறிச்சுடும். அப்புறம், ஷோகேஸ் ஜன்னல் இருக்கற சுவத்துல மட்டும்தான் வைக்கலாம். கார்னர் கடைன்னு பக்கவாட்டு மொட்டைச் சுவத்துல ஒண்ணு அடிச்சீங்கன்னா அதுக்கு விண்ணப்பம் போட்டாகணும்.

லைட்டுன்னு வந்துட்டா விதி இறுகும். எழுத்துக்குப் பின்னாடி இருந்து சுவத்துல ஒளி படறது, இல்ல எழுத்து மட்டும் உள்ளிருந்து எரியறது, இந்த ரெண்டுக்குத்தான் விண்ணப்பமில்லாத சலுகை. பின்னணி எரியக் கூடாது, விட்டு விட்டு மின்னக் கூடாது, பரப்புக்கும் வரம்பு உண்டு. நீங்க விலை கேட்ட பெட்டி போர்டு முகம் முழுக்க எரியும், அதனால சலுகையில வராது. மேல குழல் விளக்கு மாட்டிப் போர்டு மேல ஒளி அடிக்கறதும் வராது. கடை பாதுகாக்கப்பட்ட பழமைப் பகுதிக்குள்ள இருந்தா லைட் போர்டுக்குச் சலுகையே கிடையாது. கவுன்சில் இணையதளத்துல வரைபடம் இருக்கும், அஞ்சல் குறியீட்டைப் போட்டா தெரிஞ்சுடும். அப்படியே அந்தத் தெருவுக்குச் சலுகையைப் பறிச்சுத் தனி ஆணை எதுவும் இருக்கான்னும் பாத்துக்கங்க. கட்டடம் பாரம்பரியப் பட்டியல்ல இருந்தா தனியா ஒரு ஒப்புதல் வேணும், அதுக்குக் கட்டணம் இல்ல.

விண்ணப்பம் போடறதா இருந்தா பிளானிங் போர்ட்டல்ங்கற இணையதளத்துல விளம்பர அனுமதிப் படிவம். கூட வைக்க வேண்டியது: 1:1250 அளவுல இட வரைபடம், கடையைச் சுத்திச் சிவப்புக் கோடு, வடக்கு அம்புக்குறி. கூகுள் மேப் ஸ்கிரீன்ஷாட் வச்சா திருப்பி அனுப்பிடுவாங்க, உரிமம் உள்ள வரைபடத்தைக் காசு குடுத்து இறக்கணும். இப்ப இருக்கற முகப்பு, வரப்போற முகப்பு ரெண்டும் 1:50 இல்ல 1:100-ல. போர்டு வரைபடத்துல அகலம், உயரம், கனம், எழுத்து உயரம், தரையிலிருந்து அடி விளிம்பு வரை, சுவத்தை விட்டு எவ்வளவு வெளிய நிக்குது, பொருள், நிறம், ஒளி எப்படி, எத்தனை கேண்டெலா (வெளிச்சத்தோட அளவு), எல்லாம் எழுத்துலயே இருக்கணும். இதுல ஒண்ணு விட்டாலும் பரிசீலனைக்கே எடுக்க மாட்டாங்க, அவங்க முடிவு சொல்ல வேண்டிய எட்டு வார கெடுவும் ஓடத் தொடங்காது. தாமதம் ஆகுதுன்னு புலம்பறவங்கள்ல பாதிப் பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க.

கட்டணம் 2023 டிசம்பர்ல 132 பவுண்டிலிருந்து 165 ஆச்சு. இப்ப ஏப்ரல் தோறும் விலைவாசிக்குத் தக்க மாறுது, கட்டற அன்னிக்குப் போர்ட்டல் காட்டறதுதான் சரி. அனுமதி கிடைச்சா வழக்கமா 5 வருஷம். மறுத்தா 8 வாரத்துக்குள்ள அப்பீல் பண்ணலாம். ஆனா பெரும்பாலும் அதிகாரி சொன்ன குறையைச் சரி பண்ணி மறுபடி போடறதுதான் சீக்கிரம் முடியும். அனுமதியில்லாம மாட்டினா அது குற்றம். 2,500 பவுண்ட் வரை அபராதம், தொடர்ந்து வச்சிருந்தா நாளுக்கு 250 வரை.

இது எதுக்கும் முன்னாடி கட்டட ஓனரோட எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும். லைட் இல்லாத சாதாரணப் போர்டுக்கும் இது பொருந்தும்.

அம்மாபேட்டை மச்சான்

ரொம்ப நன்றிங்கண்ணா. தமிழ்ல பெருசா, இங்கிலீஷ்ல சின்னதா வச்சா கவுன்சில் ஒத்துக்குமா? இன்னொண்ணு, நம்ம ஊரு மாதிரி வெளிய ஷட்டர் போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை டு ஹாரோ

மொழியைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அவங்க பாக்கறது ரெண்டே விஷயம்: சுற்றுப்புறத்துக்குப் பொருந்துதா, பொதுமக்களுக்கு ஆபத்து இல்லாம இருக்கா. என்ன எழுதியிருக்குங்கறது அவங்க கேள்வியில்ல. மாமா ஆசை தாராளமா நடக்கும்.

வெளி ஷட்டருக்குத் தனி பிளானிங் அனுமதி வேணும், மூடுன தகரம் மாதிரி இருக்கறதுக்கு எளிதுல கிடைக்காது. கண்ணாடிக்கு உள்பக்கம் கம்பி வலை ஷட்டர் போட்டுக்கச் சொல்லுங்க. அஞ்சு ரோட்டுப் பாணியில முகப்பு முழுக்க பளபள ஃபிளெக்ஸ் இழுத்து, ரெண்டு பக்கத் தூணையும் மூடிட்டா அதிகாரி முதல்ல அதைத்தான் பிடிப்பார். மங்கல் பூச்சு அலுமினியத் தகடு, தூண் வெளிய தெரியற மாதிரி, பக்கத்துக் கடை போர்டோட மட்டத்துல. தெருவைப் பாத்து நீட்டிக்கிட்டு நிக்கற சின்னப் போர்டும் வேணும்னா அடி விளிம்பு நடைபாதையிலிருந்து 2.5 மீட்டராவது இருக்கணும். நடைபாதையில சாரம் கட்டி மாட்டறதுக்கும் உரிமம் உண்டு, மாட்டற ஆள்கிட்ட யார் வாங்கறதுன்னு முன்கூட்டியே பேசிக்கங்க.

குகை எலக்ட்ரீஷியன்

கார்கோ பத்தி. அலுமினியத் தகடும் அக்ரிலிக் எழுத்தும் சேலத்துல செய்யலாம், தப்பில்ல. எல்இடி டிரைவரை (விளக்குக்கு ஏத்தபடி மின்சாரத்தை மாத்திக் குடுக்கற பெட்டி) மட்டும் லண்டன்லயே வாங்கச் சொல்லுங்க. வோல்டேஜ் ரெண்டு ஊர்லயும் 230 தான், பிரச்சினை அதுல இல்ல. யுகேசிஏ இல்ல சிஇ, இந்தப் பாதுகாப்பு முத்திரை ஒண்ணும் இல்லாத டிரைவரை இங்கிலாந்து எலக்ட்ரீஷியன் இணைச்சு சான்றிதழ் குடுக்க மாட்டார். சான்றிதழ் இல்லன்னா நாளைக்கு இன்சூரன்ஸ்காரன் கேள்வி கேப்பான். வெளிய வைக்கற டிரைவர் ஐபி65-க்கு (தூசி, தண்ணி புகாத தரம்) குறையாம, லைனுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்சிடி (கசிவு வந்தா மின்சாரத்தைத் துண்டிக்கற சுவிட்ச்). பெட்டியோட அடியில தண்ணி வடிய ஓட்டை போடச் சொல்லுங்க, நம்ம ஊர்ல பல பேர் விட்டுடறாங்க. அங்க மழை மட்டுமில்ல, குளிர்ல உள்பக்கம் வேர்த்து நிக்கும், அந்த ஈரம் வடிய வழியில்லன்னா எல்இடி மாட்யூல் (உள்ள ஒட்டற சின்ன விளக்குத் துண்டு) ஒவ்வொண்ணா அணையும்.

ஏற்காட்டு மிளகு

டிசைன் வேலை நமக்கு. ஃபைலை எழுத்தாவே அனுப்பாதீங்க. அந்தப் பக்கம் ஃபான்ட் இல்லன்னாலோ மென்பொருள்ல இந்திய மொழி அமைப்பு போடலன்னாலோ ‘செட்’டுல கொம்பு ‘ச’வுக்குப் பின்னாடி போய் நிக்கும், வெட்டற ஆளுக்கு அது தப்புன்னே தெரியாது. எல்லாத்தையும் கோட்டுருவமா (ஃபான்ட் தேவைப்படாத அவுட்லைன்) மாத்தி, 1:1 அளவுல பிடிஎஃப், பக்கத்துல ஒரு படம். வெட்டறதுக்கு முன்னாடி புரூஃபை (சரிபார்க்கற மாதிரிப் பிரதி) தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் பாக்கணும்.

தனித்தனி எழுத்தா எரியணும்னா புள்ளியை மறந்துடாதீங்க. ‘ம்’, ‘ட்’ மேல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு: அதுக்குன்னு ஒரு மாட்யூல், ஒரு ஒயர், சுவத்துல ஒரு ஓட்டை. இங்கிலீஷ் எழுத்துக்குப் போடற கொட்டேஷன்ல இது இருக்காது, கடைசியில கூடுதல் பில் வரும். சுழி மெல்லிசா இருக்கற ஃபான்ட்டும் வேண்டாம், கோட்டுக்குள்ள மாட்யூல் உக்காராது. தடிச்ச, ஒரே சீரான கோடுள்ள எழுத்தா பாருங்க. உயரம் அளக்கறப்ப புள்ளி உச்சியிலிருந்து ‘டு’வோட கீழ் வளைவு வரைக்கும் சேத்து அளங்க. வெறும் ‘ல’வை அளந்து 0.75-ன்னு எழுதினா, புள்ளி வச்ச எழுத்து தாண்டிடும்.

அழகாபுரம் டு ஸ்கார்பரோ

கனடா போறவங்களும் இதைப் படிப்பீங்க, சுருக்கமா சொல்லிடறேன். இங்க ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு போர்டு சட்டம். டொராண்டோவுக்கு நகராட்சிச் சட்டத் தொகுப்போட 694-ஆம் அத்தியாயம். மின்சாரம் 120 வோல்ட், சேலத்து டிரைவர் ஒத்துவராது. முழுப் போர்டுலயும் சிஎஸ்ஏ, சியுஎல் மாதிரி கனடா அங்கீகார முத்திரை இருக்கணும், இல்லன்னா இங்க கொண்டுவந்து கள ஆய்வு பண்ணி ஸ்டிக்கர் வாங்கணும். ஒரு போர்டுக்காக அதைப் பண்றது கட்டுப்படியாகாது. மான்ட்ரியல்னா பிரெஞ்சு: 2025 ஜூன் 1-லிருந்து வெளிப் போர்டுல பிரெஞ்சு எழுத்துக்கான இடம் மத்த மொழி எழுத்தைப் போல ரெண்டு மடங்காவது இருக்கணும். அங்க மாமா ஆசை நடக்காது.

அம்மாபேட்டை மச்சான்

மச்சான் அளந்து அனுப்பிட்டாப்ல. நடைபாதையிலிருந்து போர்டு பலகையோட அடி 2.7 மீட்டர், பலகை உயரம் 0.8, முதல் மாடி ஜன்னல் அடிமட்டம் 3.7. பழமைப் பகுதியில இல்ல, தனி ஆணையும் இல்ல.

செவ்வாய்ப்பேட்டை டு ஹாரோ

அப்ப மேல் விளிம்பு 3.5, ஜன்னலுக்குக் கீழ 20 சென்டிமீட்டர் மிச்சம். உயரம் சரி. தமிழ் வரி 420 மில்லிமீட்டர், இடைவெளி 60, இங்கிலீஷ் வரி 180. மேலயும் கீழயும் 70 மில்லிமீட்டர் நிக்கும். பெட்டி வேண்டாம், தகட்டு மேல பின்னொளி எழுத்து. பரப்பு வரம்பையும் சரிபாத்து இதுக்குள்ள முடிச்சா விண்ணப்பம் இல்லாமலே மாட்டலாம். ஓனர் கடிதத்துல இதே வரைபடத்தை இணைச்சுக் கையெழுத்து வாங்குங்க. அது கைக்கு வந்தப்புறம் நாலு ரோட்டுக்காரருக்கு ஃபைலை அனுப்புங்க.