ஹெல்மெட்டின் 'மீன்டைம்' கனம் டிராப் டியிலேயே எப்படி வருகிறது?

தாழ்சுருதி:

வணக்கம். ரெண்டு கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் உள்ள பேண்ட். ஹெல்மெட், குவிக்சாண்ட், டெஃப்டோன்ஸ் ஆகிய அமெரிக்க ராக் பேண்டுகளின் பாட்டுகள்தான் வாசிக்கிறோம். 'மீன்டைம்' (1992) ஆல்பத்தில் ஆறாவது, அதாவது மிகத் தடித்த கம்பியை மட்டும் வழக்கமான இ சுருதியிலிருந்து டி வரைக்கும்தான் இறக்கியிருக்கிறார்கள் (டிராப் டி). ஆனாலும் 'அன்சங்' பாட்டின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து விழுகிறது. இங்கே இன்னும் தாழ்வான டிராப் சி (ஆறாவது கம்பி சி வரை) வைத்து, கெய்னை (ஆம்பின் டிஸ்டார்ஷன் அளவை) முக்காலுக்கு மேல் திருப்பியும் அந்த அடி விழவில்லை. சத்தம் இருக்கிறது, கனம் இல்லை.

கிட்டார்கள் ரெண்டும் 25.5 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்), ஹம்பக்கர் பிக்கப், 10–46 செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில்). ஒன்றில் ஃப்ளாய்ட் ரோஸ் (ஸ்ப்ரிங்கில் மிதக்கும் பிரிட்ஜ்). ஆறாவது கம்பி முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கறகறக்கிறது. ஓங்கி அடித்தால் சுருதி ஏறி, பிறகு இறங்கி நிற்கிறது. ரெக்கார்ட் செய்தால் கிட்டார்களும் பேஸும் பிரித்தே கேட்க முடியாமல் கலந்துவிடுகின்றன. எதிலிருந்து தொடங்கலாம்?

ஆறாம் கம்பி:

கம்பியிலிருந்து தொடங்குங்கள். கறகறப்பு, சுருதி ஏறி இறங்குவது ரெண்டுக்கும் வேர் அங்கேதான்.

25.5 அங்குல ஸ்கேலில் 46 கம்பி இ சுருதியில் ஏறத்தாழ 17.5 பவுண்டு இழுவையில் நிற்கும். அதையே டிக்கு இறக்கினால் 14 பவுண்டு. சிக்கு இறக்கினால் 11 தான். அவ்வளவு தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால், அடித்த கணத்தில் கம்பி நீண்டு சுருதி மேலே போகும். ட்யூனர் பச்சை காட்டினாலும் காது ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

டிராப் டிக்கு 10–52 செட் போடுங்கள். 52 கம்பி டியில் திரும்பவும் 17.5 பவுண்டுக்கு வந்துவிடும், அதாவது பழைய 46 இ சுருதியில் நின்ற அதே இறுக்கம். டிராப் சி வேண்டுமென்றால் 11–56. என் கருத்து: ஹெல்மெட் பாட்டுகளுக்கு சி வேண்டாம்.

கம்பி மாற்றியபின் வரிசையாகப் பாருங்கள், வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும். முதலில் கழுத்து. கம்பி தளர்ந்தபோது ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டை) எதிர்த்து இழுக்க ஆளில்லாமல் கழுத்து பின்னால் வளைந்திருக்கும். முதல் ஃப்ரெட்டுகளில் மட்டும் கறகறப்பது அதன் அடையாளம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, ஆறாவது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டின் மேல் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி ட்யூன் செய்து, அடுத்த நாள் அளக்கவும். மரம் உடனே அடங்காது.

பிறகு ஆக்‌ஷன். 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் ஆறாவது கம்பி 2 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இந்த இசைக்கு அதற்குக் கீழே போகாதீர்கள். கடைசியாக இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுருதி சரியாக இருப்பது. 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்த சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட மேலே இருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டை) கழுத்தைவிட்டுப் பின்னால் தள்ள வேண்டும். தடித்த கம்பிக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

நட்டையும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள துண்டை) பாருங்கள். 46க்கு வெட்டிய பள்ளத்தில் 52 மேலே தொக்கி நிற்கலாம். ட்யூன் செய்யும்போது 'டிக்' என்று சத்தம் வந்து சுருதி தாவினால் பள்ளத்தை ஃபைல் போட்டு அகலப்படுத்த வேண்டும். ஆழப்படுத்திவிடக் கூடாது.

ஃப்ளாய்ட் ரோஸ் கிட்டாரை ஒரே ட்யூனிங்கில் நிரந்தரமாக விட்டுவிடுங்கள். ஒரு கம்பியை இறக்கினாலே மொத்த இழுவை குறைந்து, ஸ்ப்ரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுக்கும். மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். புது செட் போட்டபின் பிரிட்ஜ் முன்பக்கம் தூக்கி நின்றால், பின்னாலுள்ள கிளாவின் (ஸ்ப்ரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின்) ரெண்டு திருகுகளையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக முறுக்கி, பாடிக்கு இணையாக வரும்வரை ட்யூன் செய்துகொண்டே போக வேண்டும்.

வலது கை:

செட்டப் பத்தி மேல சொன்னது அத்தனையும் சரி. ஆனா கனம் கம்பியில மட்டும் இல்ல ப்ரோ, சத்தம் நிக்கிற இடத்துல இருக்கு.

அதே ஆல்பத்துல 'இன் த மீன்டைம்' பாட்டோட ரிஃப்பைக் கேளுங்க. அடி, நிறுத்தம், அடி. அந்த நிறுத்தத்துல ஒரு துளி ஹம்மோ கம்பி அதிர்வோ கிடையாது. ஹெல்மெட் ட்ரம்மர் ஜான் ஸ்டேனியரோட ஸ்நேர் ட்ரம் இறுக்கமா, உயர்ந்த சுருதியில இருக்கறதால அந்தக் காலி இடத்துல அது மட்டும் வெட்டிக்கிட்டு வரும். கிட்டார் சத்தம் இழுத்துக்கிட்டே போனா ஸ்நேர் அதுக்குள்ள மூழ்கிடும், ரிஃப் முழுக்கத் தொய்ஞ்சிடும்.

நிறுத்தறதுக்கு ரெண்டு கையும் ஒண்ணா வேலை செய்யணும். இடது கை விரலை ஃப்ரெட்டிலிருந்து லேசா விடணும், ஆனா கம்பியை விட்டு எடுக்கக் கூடாது. அதே நேரம் வலது உள்ளங்கை ஓரம் சேடில் பக்கத்துல உட்காரணும். இடது கை மட்டும் விட்டா ஹார்மோனிக் கீச்சுனு வரும். வலது கை மட்டும் வெச்சா அடிக்கம்பி உறுமிக்கிட்டே இருக்கும். மெட்ரோனோம் 80ல, ரெண்டு அடி வாசிப்பு, ரெண்டு அடி மௌனம், எல்லாமே டவுன் ஸ்ட்ரோக். ஆம்ப் ஓடட்டும், ஆனா மௌனத்துல ஸ்பீக்கர்லேர்ந்து ஒண்ணும் வரக் கூடாது. ரெண்டு கிட்டாரிஸ்டும் ட்ரம்மரும் சேர்ந்து இதைப் பழகுங்க.

நிறுத்தத்தோட பலம் தெரியணும்னா ஃபுகாஸியோட 'வெய்ட்டிங் ரூம்' போடுங்க, '13 சாங்ஸ்' (1989) தொகுப்புல இருக்கு. ஜோ லாலியோட பேஸ்ல ஆரம்பிச்சு, முதல் அரை நிமிஷத்துக்குள்ள மொத்த பேண்டும் நின்னுடும். திரும்ப வரும்போது எவ்வளவு பெரிசா கேக்குது பாருங்க! வாஷிங்டன் டிசியில அவங்க சாதாரண ட்யூனிங்லதான் இதைச் சாதிச்சாங்க.

அடுத்தது கெய்ன். ஹெல்மெட்டோட பாடகர், கிட்டாரிஸ்ட் பேஜ் ஹாமில்டன் மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக்ல ஜாஸ் கிட்டார் படிச்சவர், அது அவரோட கார்டுல தெரியும். டிராப் டியில ஒரே விரலை 6, 5, 4 கம்பிகள்ல படுக்க வெச்சா பவர் கார்ட் (மூல சுரமும் அதோட ஐந்தாம் சுரமும் மட்டும்) கிடைச்சிடும். அதுல நாலாவது கம்பியை மட்டும் ரெண்டு ஃப்ரெட் மேல வெச்சுப் பாருங்க, ஒன்பதாம் சுரம் சேர்ந்துடும். அந்த உரசல் அழகோ அழகு. ஆனா கெய்ன் கூடினா அந்த உரசல் சுத்தமா செத்துடும். வெறும் பவர் கார்ட் எவ்வளவு டிஸ்டார்ஷனையும் தாங்கும். வேற சுரம் சேந்துட்டா, டிஸ்டார்ஷன் அதுங்களுக்கு நடுவுல புதுசா அதிர்வெண்களை உண்டாக்கி மண்டிப் போயிடும். கெய்னைப் பாதியில வெச்சுட்டு கையை ஓங்குங்க.

பேஸ் முதலில்:

ரெக்கார்டிங் பிரச்சினைக்கு வருகிறேன். டிராப் டியில் திறந்த ஆறாவது கம்பி 73 ஹெர்ட்ஸ். டிராப் சியில் 65. கிட்டார் கேபினட்டில் வரும் 12 அங்குல ஸ்பீக்கர்கள் பொதுவாக 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலமிழந்துவிடும். ஆக, சிக்கு இறக்கியபோது நீங்கள் கூட்டியதாக நினைத்த அடிச்சத்தத்தை ஸ்பீக்கர் தரவே இல்லை. அதைத் தர வேண்டியது பேஸ்.

மிக்ஸில் ரெண்டு கிட்டாருக்கும் 80 முதல் 100 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டும் ஃபில்டர்) போடுங்கள். தனியாகக் கேட்டால் கிட்டார் மெலிந்ததுபோல் இருக்கும். பேஸோடு கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆம்பில் மிட் (நடு அதிர்வெண்களின் அளவு) 6 அல்லது 7இல் இருக்கட்டும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்தால் பிரம்மாண்டமாகத் தெரியும், பேண்டோடு சேர்ந்ததும் காணாமல் போகும். பேஸுக்குச் சுத்தமான ட்ராக் ஒன்று, டிஸ்டார்ஷன் ஏற்றியது ஒன்று என ரெண்டு வையுங்கள். டிஸ்டார்ஷன் ட்ராக்கில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

இடதும் வலதும் தனித்தனியாக வாசித்த ட்ராக்காக இருக்க வேண்டும். ஒரே டேக்கை நகலெடுத்து ரெண்டு பக்கமும் போட்டால் சத்தம் கூடும், அகலம் கூடாது. காதுக்கு அது நடுவில் நிற்கும் ஒரே கிட்டார்தான்.

டெஃப்டோன்ஸுக்கு இதே அமைப்பை வைக்காதீர்கள். டெர்ரி டேட் தயாரித்த 'ஒயிட் போனி' (2000) வேறு உலகம். அதில் பாடகர் சீனோ மொரேனோவும் கிட்டார் வாசிக்கிறார், ஃபிராங்க் டெல்காடோவின் கீபோர்டும் சாம்பிளும் பின்னால் படர்ந்திருக்கின்றன. அங்கே சத்தம் நின்று போகாமல் நீண்டு படர்வதுதான் அழகு. ரெண்டு உலகத்துக்கும் நடுவில் குவிக்சாண்டின் 'ஸ்லிப்' (1993) நிற்கிறது. அதன் பேஸிஸ்ட் செர்ஜியோ வேகா 2009இல் டெஃப்டோன்ஸுக்கு வந்தவர். பேஸ் எவ்வளவு மேலே நின்று கிட்டாரோடு பேசலாம் என்பதற்கு அந்த ஆல்பம் தங்கமான பாடம்.

தாழ்சுருதி:

மிக்க நன்றி. 10–52 வாங்கி டிக்கே திரும்புகிறோம். ஒரு சந்தேகம்: மௌனத்துக்கு நாய்ஸ் கேட் (சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் அடைத்துவிடும் கருவி) போட்டால் போதாதா?

வலது கை:

கேட் ஹிஸ்ஸை மட்டும்தான் அடக்கும், கம்பி அதிர்வைக் கைதான் நிறுத்தணும். த்ரெஷோல்டை (கேட் அடைக்கிற அந்த அளவை) ஏத்திக் கேட்டையே நிறுத்த வெச்சீங்கன்னா, நீட்டி விட வேண்டிய கார்டோட வாலும் அறுந்து போகும். முதல்ல கேட் இல்லாம பழகிடுங்க. அப்புறம் கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்துல வெச்சு, ஹிஸ் மறையற வரைக்கும் மட்டும் த்ரெஷோல்டை ஏத்துங்க. பெடலா இருந்தா டிஸ்டார்ஷனுக்கு அடுத்து, டிலே, ரிவர்ப் இருந்தா அதுக்கு முன்னாடி. பின்னாடி மாட்டினா எதிரொலியும் சேர்ந்து அறுந்துடும்.