கண்மாய் வண்டலில் கிடைத்த பல்: எந்த விலங்கு, எவ்வளவு பழசு?

வண்டல்காடு:
வணக்கம். எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம். போன வாரம் கண்மாயில் தூர்வாரிய வண்டலை இரண்டு டிராக்டர் வாங்கித் தோட்டத்தில் கொட்டினோம். கட்டி உடைக்கும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் ஒரு பல். மேல்பக்கம் நீளம் 4 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஒன்றரை செ.மீ., வேரோடு உயரம் ஐந்தரை. கறுப்பும் காப்பி நிறமும் கலந்து பளபளவென்று இருக்கிறது. அப்பா மாட்டுப்பல் என்கிறார். பெரியப்பா குதிரைப்பல், பாளையக்காரர் காலத்தது என்கிறார். இவ்வளவு கறுத்திருப்பதால் கீழடி காலத்ததாக இருக்குமோ என்று எனக்கு ஆசை. கெட்டுப்போகாமல் இருக்க வார்னிஷ் அடிக்கலாமா?

பட்டிக்காரர்:
தம்பி, முதலில் மெல்லும் பரப்பைப் பாருங்கள். நான் முப்பது வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்தவன். மாட்டுக் கடைவாய்ப்பல்லில் ஒவ்வொரு பெரிய பகுதியின் நடுவிலும் பிறை மாதிரி ஒரு குழி இருக்கும், அதைச் சுற்றி வெள்ளையாக எனாமல் வரம்பு ஓடும். குதிரையின் கீழ்வரிசைப் பல்லில் அந்தக் குழி கிடையாது. மேல்வரிசையில் குழி உண்டு, ஆனால் பல் கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும். ஒன்றரை செ.மீ. அகலத்தில் வராது. அப்புறம் வெளிப்பக்கம் இரண்டு பகுதிக்கும் நடுவே ஒல்லியாக ஒரு சின்னத் தூண் நிற்கிறதா? மொத்தம் எத்தனை பகுதி?

வண்டல்காடு:
பிறைக் குழி இருக்கிறது ஐயா. சின்னத் தூணும் இருக்கிறது, தீக்குச்சி கனம். பகுதி மூன்று: இரண்டு பெரியது, கடைசியில் ஒன்று குட்டி.

பட்டிக்காரர்:
சரி, அப்பா சொன்னதுதான். மாட்டினம், கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல். பால்பல்லை விட்டுவிட்டால், மூன்று பகுதி அந்த ஒரு பல்லுக்குத்தான் உண்டு. ஆட்டுக்கும் அப்படித்தான், ஆனால் அது இதைவிட ரொம்பச் சின்னது. பசுவா எருமையா என்று ஒற்றைப் பல்லை வைத்துப் பிரிப்பது கஷ்டம். இந்தப் பல் இரண்டு வயதுக்கு மேல்தான் முளைக்கும். குட்டிப் பகுதியும் தேய்ந்திருந்து, வேரும் முழுதாக மூடியிருந்தால் அது நன்றாக வளர்ந்த மாடு. சந்தையில் ரெண்டு பல், நாலு பல் என்று சொல்வது முன்பல்லை வைத்து. அது இதற்கு உதவாது.

ஊர்சுற்றி:
பழுக்கக் காய்ச்சிய ஊசியை வேரில் வைத்துப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் புதுசு, வராவிட்டால் கல்லாகிப்போனது.

குழிவரைவு:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் அண்ணா, வார்னிஷும் வேண்டாம். நான் தொல்லியல் படிக்கிறேன். வயதைக் கண்டுபிடிக்கும் கரிமக் கணிப்புக்குப் பல்லுக்குள் மிஞ்சியிருக்கும் புரதம் வேண்டும். அதன்மேல் வார்னிஷ் ஏறினால் வேறு கரிமமும் சேர்ந்துவிடும். சூடு வைத்தால் இருப்பதும் கருகும். மண்ணை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, நிழலில் உலர்த்தி, காகிதத்தில் சுற்றி வையுங்கள். அது போதும்.

நிறத்தை நம்பவே வேண்டாம். சேற்றிலுள்ள இரும்பும் மாங்கனீசும் ஏறினாலே பல் கறுத்துவிடும், அதற்கு ஆயிரம் வருடம் தேவையில்லை. ஒரு பல் எந்த விலங்கு, அது சாகும்போது என்ன வயது என்று சொல்லும். எப்போது செத்தது என்பதைப் பெரும்பாலும் மண்தான் சொல்லும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டுதான் கி.மு. 580 என்று வந்தது. அதே அடுக்கில் அசையாமல் கிடந்த பொருளுக்கு அந்தக் காலத்தைச் சொல்லலாம். சென்னைக்குப் பக்கத்தில் கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கத்தில் 2011இல் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று அறிவித்தபோதும், அடுக்கில் புதைந்த கற்கருவிகளையும் படிவுகளையும் அளந்துதான் சொன்னார்கள். உங்கள் பல் பொக்லைனில் அள்ளி, டிராக்டரில் ஏறி, தோட்டத்தில் கொட்டப்பட்டது. அதன் அடுக்கு கலைந்துபோய்விட்டது. எனக்கு அதுதான் வருத்தம்.

வண்டல்காடு:
மன்னித்துவிடுங்கள் தங்கச்சி, உங்கள் பதிலைப் பார்ப்பதற்குள் வேர் நுனியில் ஊசி வைத்துவிட்டேன். முடி கருகிய வாடை நன்றாக வந்தது.

குழிவரைவு:
பரவாயில்லை அண்ணா, நுனிதானே. புரதம் இன்னும் இருக்கிறது, அதனால் கல்லாகவில்லை. நம் ஊர் வெயிலிலும், நனைந்து காயும் கண்மாயிலும் புரதம் சீக்கிரம் சிதையும். அதனால் கீழடி காலத்துக்குப் போக வாய்ப்பு குறைவு. மண் எடுத்த இடம் தெரியுமா? அந்தக் குழியின் சுவரில் ஓடு, கரி, எலும்பு ஏதாவது தெரிகிறதா பாருங்கள். எதையும் பிடுங்காமல், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பழங்காலத்துக் கறுப்பு சிவப்புப் பானை ஓடு கண்ணில் பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.

வண்டல்காடு:
நேற்று அப்பாவோடு போய்ப் பார்த்தேன். குழி இடுப்பளவுதான். ஓடு எதுவும் இல்லை, முழங்கால் ஆழத்தில் இரண்டு விலா எலும்பும் ஒரு குளம்புத் துண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: தாத்தா காலத்தில் கோடையில் புலிக்குளம் கிடை மாடுகள் அந்தக் கண்மாயின் உள்பக்கத்தில்தான் அடையுமாம். ஒரு வருடம் நோய் வந்து ஏழெட்டு மாடு அடுத்தடுத்து விழுந்ததில், அங்கேயே குழி வெட்டிப் புதைத்தார்களாம். எலும்பைத் தொடாமல் படம் எடுத்தோம். பல்லை காகிதத்தில் சுற்றி, கிடைத்த தேதியும் இடமும் எழுதி, அப்பாவின் பெட்டியில் வைத்திருக்கிறேன்.