அயோடின் போட்டும் செம்பருத்தி இலை கருநீலமாகவில்லை, எங்கே தப்பு?

திருமங்கலம் டீச்சர்
எட்டாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கைச் சோதனை; வெயில் பட்ட இலையில் ஸ்டார்ச் (மாவுச்சத்து) சேர்ந்திருந்தால் அயோடின் பட்டதும் கருநீலமாக வேண்டும். இரண்டு வாரமாக மானம் போகிறது. தொட்டிச் செம்பருத்தியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினேன், இலையில் இருக்கிற ஸ்டார்ச் தீரட்டும் என்று. திங்கள் காலை ஒன்பதரைக்கு மொட்டை மாடி வெயிலில் வைத்து, பதினொரு மணிக்கு இலை பறித்தோம். கொதிநீரில் ஒரு நிமிடம், அப்புறம் மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பச்சையம் இறங்கும்வரை, பிறகு கழுவி அயோடின். இலை வெளுத்தது என்னவோ நன்றாகத்தான் வெளுத்தது. நிறம் மட்டும் டீத்தண்ணீர்! லேபில் அயோடின் தீர்ந்துவிட்டதால் பீட்டாடினில் தண்ணீர் கலந்து ஊற்றினேன். அதுதான் காரணமா?

மேலூர் பயாலஜி
அதேதான் டீச்சர். புண்ணுக்குப் போடுகிற மருந்தை நம்பலாமா? லேப் அயோடின் வாங்கிவிடுங்கள்.

பழைய லேப் அசிஸ்டன்ட்
சார், பீட்டாடினிலும் அயோடின்தான் இருக்கிறது, அவசரப்பட்டுப் பழி போட வேண்டாம். டீச்சர், சத்துணவுக் கூடத்தில் சோறு வடித்த கஞ்சி கொஞ்சம் வாங்கி அதில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கஞ்சி ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அந்த நீலம் தங்காது, ஆறினால்தான் தெரியும். இலைக்கும் அதே கதைதான்; வெந்நீரில் கழுவிய சூட்டோடு அயோடின் ஊற்றினால் ஒன்றும் தெரியாது.

கஞ்சி நீலமானால், தரையில் நிற்கிற செடி ஏதாவது ஒன்றில் மூன்று மணிக்கு மேல் இலை பறித்து இதே மாதிரி செய்யுங்கள். அதுவும் நீலமானால் உங்கள் கை சுத்தம், தொட்டிச் செடியைத்தான் விசாரிக்க வேண்டும்.

அது இருக்கட்டும், ஸ்பிரிட்டை எதில் சூடு பண்ணினீர்கள்?

திருமங்கலம் டீச்சர்
பீக்கரில் ஊற்றி நேராக கேஸ் அடுப்பில்தான் ஐயா, சிம்மில் வைத்து.

பழைய லேப் அசிஸ்டன்ட்
அம்மா தாயே! இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டா? ஸ்பிரிட் ஆவி தீயைத் தேடிப் போகும். ஸ்பிரிட்டில் இருக்கிற எத்தனால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு நெருப்பே வேண்டாம். ஒரு குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு, அப்புறம் ஸ்பிரிட் பீக்கரை அந்தத் தண்ணீருக்குள் இறக்குங்கள். ஆறிப்போனால் தண்ணீரை மாற்றுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

திருமங்கலம் டீச்சர்
திட்டு வாங்கிக்கொண்டேன் ஐயா, இனி அப்படிச் செய்ய மாட்டேன். கஞ்சி இங்க் மாதிரி ஆகிவிட்டது. வேலியோரம் நிற்கும் செம்பருத்தி இலையும் மூன்றரை மணிக்குக் கருநீலம். அப்படியானால் தொட்டிதான்.

மல்லித் தோட்டம், உசிலம்பட்டி
நான் வாத்தியார் இல்லை, செடி வளர்க்கிறவன். ஒன்று கேட்கிறேன், சனி ஞாயிறு தொட்டிக்கு யார் தண்ணீர் ஊற்றியது?

திருமங்கலம் டீச்சர்
யாருமில்லை. ரூம் பூட்டு, சாவி என் பையில்.

மல்லித் தோட்டம், உசிலம்பட்டி
சரியாப்போச்சு. இரண்டரை நாள் காய்ந்த மண், அதோடு நம்ம ஊர் மொட்டை மாடி. சிமென்ட் தளத்தில் தொட்டியே சுட்டிருக்கும். இலை தொங்கியிருக்குமே? தண்ணீர் பற்றாமல் போனால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் கரியமிலவாயு உள்ளே போகாது. எவ்வளவு வெயில் இருந்தாலும் சமைக்கச் சரக்கு இல்லை.

மேலூர் பயாலஜி
பீட்டாடின் விஷயத்தில் நான் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நேரமும் பற்றவில்லை. செடி முதலில் செய்வது சர்க்கரை; செலவு போக மிஞ்சியதுதான் ஸ்டார்ச்சாகச் சேரும். காலியான இலைக்கு ஒன்றரை மணி நேரம் எந்த மூலைக்கு? ஐந்தாறு மணி நேரமாவது கொடுங்கள். 1860-களில் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ் காட்டியதே இதைத்தான், இருட்டில் வைத்தால் ஸ்டார்ச் தீரும், வெளிச்சத்துக்கு வந்தால் மறுபடி சேரும்.

திருமங்கலம் டீச்சர்
இந்தத் தடவை ஸ்டோர் ரூமிலேயே தண்ணீர் ஊற்ற வாட்ச்மேன் அண்ணனிடம் சாவி கொடுத்தேன். காலை எட்டரைக்கு மாடிக்குப் பதிலாகக் கொடிமரத்துப் பக்கம் மண் தரையில் வைத்து, ஒரு இலையின் நடுவே கறுப்புக் காகிதப் பட்டை மாட்டினோம். மூன்று மணிக்குப் பறித்தோம். இலை முழுக்கக் கருநீலம், நடுவில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளிறிய பழுப்பு! ஓர் ஓரத்தில் நீலம் கசிந்திருந்தது. கிளிப் மாட்டியவன் அது தன் தப்பில்லை என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான்.