புதுப்பிப்பு: போக்கரில் ஸ்மால் பிளைண்டில் ஒரே பூ ஃப்ளாப்

ஸ்மால் பிளைண்டில் (சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயமாகச் சின்னப் பந்தயம் வைக்கும் இடம்) உட்கார்ந்து தோற்ற ஒரு கையைப் பற்றி போன மாசம் இங்கே புலம்பியிருந்தேன். ஃப்ளாப்பில் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) ராஜா, 9, 4, மூன்றும் ஆர்ட்டின். என் கையில் கிளாவர் ராஜா, டைமன் ராணி. பாட் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை) 20 சிப்; நான் 15 போட்டேன். பிக் பிளைண்டில் (பெரிய கட்டாயப் பந்தயம் வைக்கும் இடம்) இருந்தவர் கால் செய்தார் (அதே தொகையைப் போட்டார்); டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) நாலாவது ஆர்ட்டின், கதை முடிந்தது. "பெரிசா போட்டு விரட்டணும்" என்பதுதான் அப்போது என் வாதம்.

அது தப்பு. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். என்னிடம் ஆர்ட்டினே இல்லாதபோது எதிராளிக்கு வரக்கூடிய இரண்டு சீட்டு ஜோடிகள் 1081. அதில் ஃப்ளஷ் (ஒரே பூவில் ஐந்து சீட்டு) வெறும் 45. ஒற்றை ஆர்ட்டின் உள்ளவை 370! பெரிசா போட்டால் வெறுங்கை ஓடிவிடும். கால் பண்ணுவது ஃப்ளஷ்ஷும் பெரிய ஒற்றை ஆர்ட்டினும்தான். அதுவும் ஸ்மால் பிளைண்ட், அவருக்கு முன்னால் நாம் முடிவெடுக்க வேண்டிய இடம்.

இப்போது நிறைய செக் (எதுவும் போடாமல் விடுவது), போட்டால் பாட் தொகையில் மூன்றில் ஒரு பங்கு. நாலுக்கு ஒரு தடவை அவர் மடக்கினாலே போட்ட காசுக்கு நஷ்டமில்லை.

நேற்று ஃப்ளாப்பில் ஜாக்கி, 8, 3, மூன்றும் ஆர்ட்டின். என்னிடம் ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் 5. பாட் 18, போட்டது 6, கால். டர்ன் ஸ்பேடு 2. ஏஸ் என்னிடம் இருப்பதால் உச்ச ஃப்ளஷ் அவரிடம் இருக்கவே முடியாது. தைரியமாக 24 வைத்தேன். ரொம்ப நேரம் சிப்பை உருட்டிவிட்டு, ஜாக்கியைக் காட்டி மடக்கினார்.

ஆர்ட்டின் இல்லாத டாப் பேரோடு (மேசையின் பெரிய சீட்டோடு சேரும் ஜோடி) சின்னதாகப் போட்டு, அவர் ரைஸ் செய்தால் (தொகையைக் கூட்டினால்) என்ன செய்வது என்பதில்தான் இன்னும் தடுமாறுகிறேன். ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.