நேண்ட் கேட் கவுண்டரை நோட்டில் ஓட்டினால் நிற்காமல் சுழல்கிறது: தப்பு கணக்கிலா, சர்க்யூட்டிலா?

கேள்வி:
0 முதல் 15 வரை எண்ணும் கவுண்டரை, நேண்ட் கேட்டை (இரு நுழைவும் 1 என்றால் மட்டும் 0, மற்றபடி 1 தருவது) மட்டும் வைத்து, கட்டம் போட்ட நோட்டில் கையாலேயே ஓட்டிப் பார்க்கிறேன். முதல் பிட்டிலேயே மாட்டிக்கொண்டேன். கேட்டுகள் இவை (கிளாக் என்பது 0, 1 என்று மாறி மாறி வரும் துடிப்பு):

அ = நேண்ட்(ஈ, கிளாக்)
ஆ = நேண்ட்(அ, கிளாக்)
இ = நேண்ட்(அ, ஈ)
ஈ = நேண்ட்(ஆ, இ)

இ-தான் வெளியீடு. அதன் தலைகீழான ஈ-யைத் தரவாக அ-வுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு கிளாக்குக்கும் இ ஒருமுறை மாறிவிட்டு நிற்க வேண்டும். கிளாக்கை 1 ஆக்கியதும் வந்தது இது (அ ஆ இ ஈ):

தொடக்கம்: 1 1 0 1
வரி 1: 0 0 0 1
வரி 2: 0 1 1 1
வரி 3: 0 1 1 0
வரி 4: 1 1 1 0
வரி 5: 1 0 1 0
வரி 6: 1 0 1 1
வரி 7: 0 0 0 1

வரி 7 அப்படியே வரி 1. வரி 2-இல் இ, ஈ இரண்டும் 1 ஆக இருப்பதும் உறுத்துகிறது. எங்கே தவறினேன்?

பதில் 1:
நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுவதால் இருக்கலாம். அ-வைக் கணக்கிட்டதும் அந்தப் புது மதிப்பையே ஆ-வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், இப்படியே ஈ வரை. இ 1-க்குப் போய் நின்றுவிடும்.

பதில் 2:
அந்த முறையில் இ நிற்பது உண்மைதான். ஆனால் ஈ பத்தியைப் பாருங்கள்: 0, 1, 0, 1 என்று அங்கே ஆட்டம் தொடரும். கோளாறு போகவில்லை, நீங்கள் பார்க்கும் பத்தியிலிருந்து மறைந்துவிட்டது, அவ்வளவே. கணக்கிடும் வரிசையை மாற்றினால் விடையும் மாறும். அதனால் கேள்வி கேட்டவர் செய்த முறையே சரி: மேல் வரியை மட்டும் பார்த்துக் கீழ் வரியை எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் வரியை ஒரு துண்டுக் காகிதத்தால் மூடியபடி போனால் கண் தவறாது.

உங்கள் ஏழு வரியையும் சரிபார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை. ஒரு வரி என்பது ஒரு கேட் தாமதம். வரி 2-இல் இ ஏறிவிட்டது, அந்தச் செய்தி ஈ-க்குப் போய்ச் சேர இன்னும் ஒரு வரி ஆகும். வரி 1-இல் ஆ ஒரு கணம் 0 ஆவதும் இதே காரணத்தால்தான்: அது பழைய அ-வைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தப்பு சர்க்யூட்டில். இது லாட்ச் (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சர்க்யூட்), கிளாக் 1 ஆக இருக்கும்வரை கதவு திறந்தே இருக்கும். வெளியீட்டின் தலைகீழ் உள்ளே நுழைந்து, வெளியீட்டை மாற்றி, மறுபடி நுழைகிறது. ஒரு சுழற்சிக்கு 6 வரி.

கேட்டவர்:
அப்படியானால் கிளாக்கை 3 வரி மட்டும் 1-இல் வைத்துவிட்டு இறக்கினால் போதாதா? இ 1-இல் சரியாக நின்றது.

பதில் 2:
0-விலிருந்து 1-க்குப் போகும்போது நிற்கும். அடுத்த துடிப்பில், அதாவது 1 1 1 0 என்ற நிலையிலிருந்து, அதே 3 வரியைப் போட்டுப் பாருங்கள்: 0 0 0 1-க்கு வந்து நிற்பீர்கள். அங்கே கிளாக்கை இறக்கினால் இ, ஈ இரண்டும் 1-1, 0-0, 1-1 என்று முடிவில்லாமல் ஆடும். 4 வரி வைத்தால் இ மறுபடியும் 1-க்கே திரும்பிவிடும். இரண்டு பக்கமும் சரியாக வருவது 2 வரிக்கு மட்டும். நிஜ கேட்டுகளின் தாமதம் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்பதால் அந்த 2-ஐ நம்பி எதையும் கட்ட முடியாது.

தீர்வு, இரண்டு லாட்சை அடுத்தடுத்து வைப்பது. மொத்தம் 9 கேட்:

முதல் லாட்ச்: அ = நேண்ட்(ஐ, கிளாக்). ஆ, இ, ஈ மேலே உள்ளபடியே.
உ = கிளாக்கின் தலைகீழ் (நேண்டின் இரு நுழைவிலும் கிளாக்)
இரண்டாம் லாட்ச்: ஊ = நேண்ட்(இ, உ), எ = நேண்ட்(ஊ, உ), ஏ = நேண்ட்(ஊ, ஐ), ஐ = நேண்ட்(எ, ஏ)

இனி வெளியீடு ஏ. கிளாக்குக்கு ஒன்று, கேட்டுகளுக்கு ஒன்பது, ஆக 10 பத்தி. கிளாக் 0 ஆக இருக்கும்போது தொடக்க வரி (அ முதல் ஐ வரை): 1 1 0 1 1 1 0 0 1. கிளாக்கைத் தொடாமல் முதலில் ஒரு வரி எழுதுங்கள். அச்சு மாறாமல் அதே வரி வர வேண்டும். வராவிட்டால் இணைப்பைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். கிளாக் ஏறினால் 3-ஆம் வரியிலும், இறங்கினால் 4-ஆம் வரியிலும் எல்லாம் அடங்கிவிடும். ஏ மாறுவது கிளாக் இறங்கும்போது மட்டுமே.

கேட்டவர்:
ஏறும்போது 3, இறங்கும்போது 4, இரண்டு திசையிலும் வந்துவிட்டது. நான்கு பிட்டுக்கு, கேட்டுகளுக்கு மட்டுமே 36 பத்தி எழுத வேண்டுமா?

பதில் 3:
வேண்டாம். ஒரு பிட்டைச் சோதித்தாகிவிட்டதால் இனி அதை ஒரே பெட்டியாக வையுங்கள். ஒரு பிட்டின் ஏ அடுத்த பிட்டின் கிளாக். 15-லிருந்து 0-க்குப் போவதை மட்டும் வரி வரியாக எழுதுங்கள், முக்கியமானது அங்கேதான் இருக்கிறது. முதல் ஏ 4-ஆம் வரியில் விழும், அடுத்தடுத்தவை 8, 12, 16-ஆம் வரிகளில். இடையில் நோட்டு 14, 12, 8 என்று காட்டும். அது உங்கள் பிழை இல்லை, இந்த வகைக் கவுண்டரின் இயல்பு. 16-ஆம் வரிக்கு முன்னால் எண்ணைப் படிக்காதீர்கள்.