ஃபைல் இருக்கான்னு பார்த்துட்டுத் திறக்கணுமா, நேரா திறக்கணுமா?

முகில்:
பைத்தான் எழுதத் தொடங்கி எட்டு மாசம் ஆகுது. ஓஎஸ்.பாத்.எக்சிஸ்ட்ஸ் (os.path.exists) வச்சு ஃபைல் இருக்கான்னு பார்த்து, இருந்தா ஓப்பன், இல்லைன்னா டீஃபால்ட் மதிப்புன்னு எழுதியிருந்தேன். ரிவ்யூல சீனியர் அந்த இஃப்பை எடுத்துட்டு டிரை-எக்செப்ட் (நேரா செஞ்சு பார்த்து, எரர் வந்தா பிடிச்சுக்கிறது) போடச் சொல்லிட்டார். பார்த்துட்டுத் திறக்கிறதுல என்ன தப்பு?

கரிசல்காடு:
சீனியர் சொன்னது சரி தம்பி. எக்சிஸ்ட்ஸ் பதில் சொல்றது, அது பார்த்த அந்தக் கணத்துக்கு மட்டும்தான். ஓப்பன் அதுக்கு அப்புறம் நடக்குது. நடுவுல வேற புராசஸ் ஃபைலை அழிச்சாலோ பேர் மாத்தினாலோ, இஃப் இருந்தும் புரோகிராம் விழும். எப்படியும் எக்செப்ட் எழுதித்தான் ஆகணும், அப்புறம் இஃப் எதுக்கு?

திண்ணை:
நான் ஒத்துக்க மாட்டேன். ஒரே ஆள், ஒரே லேப்டாப், ஒரு சிஎஸ்வி. அந்த இடைவெளியில யார் வந்து அழிக்கப் போறா? டிரைக்கும் ஆபத்து உண்டு. உள்ளே இருபது வரி வச்சிருப்பாங்க, அதுல கூப்பிடுற ஏதோ ஒரு ஃபங்ஷன் வேற ஃபைலைத் தேடிக் கிடைக்காம எரர் விடும், நம்ம எக்செப்ட் அதையும் விழுங்கிடும். அப்படி ஒண்ணைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கேன்.

கரிசல்காடு:
டிரைக்குள்ள ஓப்பன் வரி மட்டும் இருக்கட்டும், மிச்சத்தை எல்ஸ்ல, அதாவது எரர் வராதப்போ மட்டும் ஓடுற பகுதியில போடுங்க. சரி, இடைவெளியை விடுங்க. எக்சிஸ்ட்ஸ் 'ஃபால்ஸ்' சொன்னா ஃபைல் இல்லைன்னு நினைக்கிறீங்களா? ஃபோல்டருக்குள்ள நுழைய பெர்மிஷன் இல்லைன்னாலும் அதே ஃபால்ஸ்தான். வேற ஃபைலைச் சுட்டிக்காட்டுற சிம்லிங்க், அது காட்டுற இடமே இல்லைன்னாலும் ஃபால்ஸ்தான்.

நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல பில்லிங் புரோகிராமைப் புது சர்வருக்கு மாத்தினோம். தள்ளுபடி விகிதம் ஒரு ஃபைல்ல இருந்தது. கிரான் (குறிச்ச நேரத்துல தானா ஓடுற வேலை) ஓடுற யூசருக்கு அந்த ஃபோல்டர்ல பெர்மிஷன் விட்டுப்போச்சு. எக்சிஸ்ட்ஸ் ஃபால்ஸ், டீஃபால்ட் 0. சாயங்காலம் வரைக்கும் போன எல்லா பில்லும் தள்ளுபடி இல்லாமலே போச்சு, லாக்ல ஒரு எரர் கிடையாது. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு மன்னிப்புக் கேட்டோம்.

திண்ணை:
கேட்கவே கஷ்டமா இருக்கு. ஆனா அங்க தப்பு எக்சிஸ்ட்ஸ்ல இல்ல, சத்தமில்லாம 0 போட்டதுல.

கரிசல்காடு:
ரெண்டுலயும்தான். நேரா ஓப்பன் பண்ணியிருந்தா பெர்மிஷன்எரர் வந்து அங்கேயே நின்னிருக்கும். 2012-ல வந்த பைத்தான் 3.3-லயே அதை ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்ல இருந்து தனியா பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. ஃபைல் இல்லாததுக்கு மட்டும் டீஃபால்ட், மத்ததெல்லாம் நிக்கட்டும். அந்த வித்தியாசத்தைத்தான் இஃப் அழிச்சிடுது.

திண்ணை:
இந்தப் பாயின்ட் சரி, எடுத்துக்கிறேன். ஆனா மூணு மணி நேரம் ஓடுற வேலைக்கு முப்பது ஃபைல் வேணும்னா? இருபத்தொம்பதை முடிச்சுட்டு கடைசி ஃபைல் இல்லைன்னு சொன்னா உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படி இருக்கும்? தொடங்கும்போதே எல்லாத்தையும் பார்த்து, 'இந்த ரெண்டும் இல்லை'ன்னு சொல்றதுதான் மரியாதை. அதை நான் விடவே மாட்டேன்.

கரிசல்காடு:
விட வேண்டாம். அது ஆளுக்குச் சொல்ற தகவல். ஓப்பன் பண்ற இடத்துல டிரையும் இருக்கட்டும்.

முகில்:
அண்ணா, இன்னொண்ணு. ரிப்போர்ட் எழுதும்போது பழைய ஃபைல் மேல எழுதிடக் கூடாதுன்னு அங்கேயும் எக்சிஸ்ட்ஸ்தான் வச்சிருக்கேன்.

கரிசல்காடு:
அதை இன்னைக்கே மாத்துங்க. ரெண்டு கிரான் ஒரே நேரத்துல ஓடினா ரெண்டுமே 'இல்லை'ன்னு பார்க்கும், ரெண்டுமே 'டபிள்யூ' மோடுல (இருக்கிறதை அழிச்சுட்டு எழுதுறது) திறக்கும், ஒண்ணோட டேட்டா போயிடும். 'எக்ஸ்' மோடு போடுங்க, ஃபைல் ஏற்கனவே இருந்தா எரர் விடும். இருக்கான்னு பார்க்கிறதையும் உருவாக்குறதையும் ஓஎஸ் ஒரே அடியா செய்யும், நடுவுல இன்னொருத்தர் நுழைய இடமே இல்லை. சி மொழியில எழுதுறவங்க ஓப்பன்ல O_CREAT, O_EXCL ரெண்டு ஃபிளாகையும் சேர்த்துப் போடுறது இதுக்குத்தான்.

திண்ணை:
எழுதுற பக்கம் நானும் 'எக்ஸ்'தான். அதுல வாதமே இல்ல.

முகில்:
நடுவுல ரெண்டு செகண்ட் ஸ்லீப் வச்சு ரெண்டு டெர்மினல்ல ஓட்டிப் பார்த்தேன். பழைய கோடுல ரெண்டுமே 'முடிஞ்சது'ன்னு காட்டிச்சு, ஃபைல்ல ஒருத்தரோட வரிதான் இருந்தது. 'எக்ஸ்' போட்டதும் ஒண்ணு எழுதிச்சு, இன்னொண்ணு ஃபைல்எக்சிஸ்ட்ஸ்எரர், எர்னோ (ஓஎஸ் தர்ற எரர் நம்பர்) 17-ன்னு நின்னுடிச்சு. படிக்கிற பக்கமும் மாத்திட்டு ரிவ்யூக்கு அனுப்புறேன்.